ரெக்கவரி மெயில் வருகிறது, ப்ராப்ளம் மெயில் வரவில்லை: ஐசிங்கா யூசர் டெம்ப்ளேட், ஆன்சிபிள்

கேள்வி

வணக்கம். சர்வர்களைக் கண்காணிக்கும் ஐசிங்கா 2-ஐ, அதன் அமைப்புகளை வெப்பில் மாற்ற உதவும் டைரக்டர் வழியாகத்தான் பார்த்துக்கொள்கிறோம். ஆன்-கால் ஆட்கள் (கோளாறு வந்தால் எந்நேரமும் கவனிக்க வேண்டியவர்கள்) 11 பேர், எல்லோருக்கும் ஒரே யூசர் டெம்ப்ளேட், அதாவது பொது அமைப்பு. அதில் எந்த வகை மெயில்கள் போக வேண்டும் என்று சொல்லும் டைப்ஸ் என்ற இடத்தில் ப்ராப்ளம் (கோளாறு) மட்டும்தான் இருந்தது. "சரியானதும் ஒரு மெயில் வந்தால் திரும்பப் படுத்துக்கொள்ளலாமே" என்று எல்லோரும் கேட்டதால், அமைப்புகளைத் தானாக மாற்றும் ஆன்சிபிள் கருவியின் யூசர் டெம்ப்ளேட் மாட்யூலில் டைப்ஸுக்கு ரெக்கவரி (சரியானது) என்று கொடுத்து, அப்பெண்ட் (கூடுதலாகச் சேர்) என்ற விருப்பத்தை ட்ரூ என்று வைத்து ஓட்டினேன். மஞ்சளில் சேஞ்ச்டு என்று வந்தது. எரர் எதுவும் இல்லை.

நேற்று இரவு 1:40-க்கு ஒரு சர்வரில் டிஸ்க் நிறைந்து கிரிட்டிக்கல் ஆகியிருக்கிறது. ஒருவருக்கும் மெயில் இல்லை. வாடிக்கையாளர் போன் செய்து எழுப்பிய பிறகு பழைய லாக்குகளை அழித்தேன். சிறிது நேரத்தில் ரெக்கவரி மெயில் மட்டும் வருகிறது! காய்ச்சல் வந்ததைச் சொல்லாமல் குணமானதை மட்டும் சொல்வது போல. எங்கே தப்பு?

பதில் 1

டிப்ளாய் செய்தீர்களா, அதாவது மாற்றத்தை ஐசிங்காவுக்கு அனுப்பினீர்களா? மாட்யூல் டைரக்டரின் டேட்டாபேஸில் மட்டும்தான் எழுதும். டிப்ளாய் ஆகும்வரை ஐசிங்காவுக்கு ஒன்றும் தெரியாது.

கேட்டவர்

செய்தேன் அண்ணா. பிளேபுக்கின் (ஆன்சிபிள் ஓட்டும் வேலைப் பட்டியல்) கடைசி டாஸ்க்கே அதுதான்.

பதில் 2

டிப்ளாய் ஆனதால்தான் இந்த வினை. அப்பெண்ட் என்ற பெயரை நம்பி ஏமாந்துவிட்டீர்கள், நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். நீங்கள் குறிப்பிடாத மற்ற பண்புகளைத் தொடாமல் விடு என்பதுதான் அதற்குப் பொருள். பட்டியலுக்குள் ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்க அதற்குத் தெரியாது, முழுப் பட்டியலையும் மாற்றிவிடும். உங்கள் டெம்ப்ளேட்டில் இப்போது ரெக்கவரி மட்டும்தான் இருக்கும், ப்ராப்ளம் போயிருக்கும். இரண்டையும் எழுதி ஓட்டுங்கள். ஸ்டேட்ஸ், இம்போர்ட்ஸ் போன்ற மற்ற பட்டியல்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இனிமேல் முதலில் எதையும் மாற்றாத செக் மோடில், மாறும் வரிகளைக் காட்டும் டிஃப்பும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். அழிந்த வரி கண்ணில் பட்டிருக்கும்.

கேட்டவர்

ஆமாம், ரெக்கவரி மட்டும்தான் இருந்தது. இரண்டையும் கொடுத்து டிப்ளாய் செய்துவிட்டேன். 8 பேருக்கு இரண்டு மெயிலும் வருகின்றன. மீதி 3 பேருக்கு ப்ராப்ளம் மட்டும்தான் வருகிறது. நேற்று ராத்திரி அவர்களுக்கும் எதுவும் வரவில்லை என்று நினைத்தேன். இப்போது கேட்டால், மெயில் வந்ததாம், தூங்கிவிட்டார்களாம்.

பதில் 2

அது நல்ல துப்பு. டைரக்டரில் அந்த மூவரில் ஒருவரைத் திறந்து, ப்ரிவியூ டேபில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். டெம்ப்ளேட்டை எடுத்துக்கொள்ளும் இம்போர்ட் வரிக்குக் கீழே அந்த யூசருக்கென்றே தனியாக ஒரு டைப்ஸ் வரி இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேட்டவர்

அப்படியே இருக்கிறது! டைப்ஸ், ப்ராப்ளம் மட்டும். எங்களுக்கு முன்னால் இருந்தவர் யாரோ கையால் போட்டிருக்க வேண்டும். ஆனால் யூசர்களுக்கும் தினமும் பிளேபுக் ஓடுகிறதே, அந்த வரி ஏன் போகவில்லை?

பதில் 2

அங்கேயும் அப்பெண்ட் ட்ரூதானே?

கேட்டவர்

ஆமாம். பேஜர் எண்களைக் கையால் நிரப்பி வைத்திருக்கிறோம். அவை அழிந்துவிடக் கூடாது என்று வைத்தது.

பதில் 2

அப்படியானால் பேஜரைக் காப்பாற்றியது போலவே அந்தப் பழைய வரியையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. 3 பேர்தானே, டைரக்டரிலேயே அந்த இடத்தைக் காலி செய்து டிப்ளாய் செய்யுங்கள், டெம்ப்ளேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். நேரம் கிடைக்கும்போது பேஜர் எண்களையும் இன்வென்டரிக்கு (ஆன்சிபிளின் தகவல் கோப்பு) கொண்டுவந்துவிட்டு, அப்பெண்டை எடுத்துவிடுங்கள்.

சோதிக்க, ஐசிங்கா வெப்பில் இருக்கும் நோட்டிஃபிகேஷன் பொத்தானை நம்ப வேண்டாம். அது கஸ்டம் வகை, உங்கள் பட்டியலில் கஸ்டம் இல்லை. ஒரு சோதனை சர்வீஸுக்கு, செக் முடிவைக் கையால் கொடுக்க உதவும் ப்ராசஸ் செக் ரிசல்ட்டில் கிரிட்டிக்கல் என்று கொடுங்கள். ஹார்ட் ஸ்டேட் (கோளாறு உறுதியான நிலை) ஆகும்வரை மெயில் போகாது, அதனால் அதற்குத் தேவையான முறைகளைச் சொல்லும் மேக்ஸ் செக் அட்டெம்ப்ட்ஸ் 3 என்றால் மூன்று முறை கொடுக்க வேண்டும். அடுத்த செக் ஓடியதும் தானாகவே ஓகே ஆகி ரெக்கவரி வரும்.

கேட்டவர்

மூவருக்கும் இரண்டும் வந்துவிட்டன. ஒருவர் மட்டும் "நடுப்பகலில் எதற்குக் கிரிட்டிக்கல்" என்று பதறிப் போய் போன் செய்தார். முன்கூட்டியே சொல்ல மறந்துவிட்டேன்.