1969 கமாரோவைக் கண்காட்சியோடு நிறுத்தாமல் பந்தயத் தடத்திலும் ஓட்டலாமா?

கேள்வி:
வணக்கம். என்னிடம் 1969ஆம் ஆண்டின் செவ்ரோலே கமாரோ இசட்/28 என்ற அமெரிக்கக் கார் உள்ளது. எஞ்சினும் கியர்பாக்ஸும் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டவையே என்பதை அவற்றின் எண்கள் உறுதிப்படுத்துகின்றன. இதுவரை டிரெய்லரில் ஏற்றிக் கண்காட்சிகளுக்குக் கொண்டுசென்றதோடு சரி. பரிசு வாங்கும் ஆர்வம் குறைந்து, இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுகளைத் தாண்டும்போது எப்படி இழுக்கும் என்பதை அறியும் ஆசையே இப்போது மேலோங்கி நிற்கிறது. மதிப்புக் கெடாமல் சாலையிலும் பந்தயத் தடத்திலும் ஓட்ட இயலுமா? எதிலிருந்து தொடங்க வேண்டும்?

மறுமொழி 1:
தயங்காமல் ஓட்டுங்கள். இசட்/28 பிறந்ததே பந்தயத்துக்காகத்தான். 1966இல் தொடங்கிய டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கக் கார்ப் பந்தயத் தொடரில் எஞ்சின் 5 லிட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி இருந்ததால், தன் 327 கன அங்குல எஞ்சினின் 4 அங்குல சிலிண்டர் விட்டத்தையும் 283 கன அங்குல எஞ்சினின் 3 அங்குல பிஸ்டன் வீச்சையும் சேர்த்து 302 கன அங்குல எஞ்சினைச் செவ்ரோலே உருவாக்கியது. 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பந்தய வீரர் மார்க் டொனஹியூ பென்ஸ்கே அணியின் கமாரோவில் வென்றது இதன் வழிவந்த எஞ்சினைக் கொண்டுதான். அப்படிப்பட்ட காரைக் கயிறு கட்டி நிறுத்திவைப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

நிறுத்திவைத்தால் கெடாது என்பதும் சரியன்று. ஆயில் சீல்கள் காய்ந்து இறுகுகின்றன. கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் பிசினாகப் படிகிறது. பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிலிண்டர்களை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கிறது. ஆகவே பிரேக், எரிபொருள் குழாய்கள், டயர்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். பட்டை தேயாத டயராக இருந்தாலும் வயதானதென்றால் தடத்துக்கு ஆகாது. ஆயிலிலும் கவனம் தேவை: இந்த எஞ்சினின் கேம்ஷாஃப்ட் தட்டையான டேப்பெட்டுகளின் (வால்வுகளுக்கு அசைவைக் கடத்தும் உருளைகளின்) மீது உரசி இயங்குவதால், துத்தநாகமும் பாஸ்பரஸும் போதிய அளவு உள்ள ஆயிலையே ஊற்ற வேண்டும், இன்றைய கார்களுக்கான ஆயில்கள் பலவற்றில் அவை குறைக்கப்பட்டுள்ளன.

மறுமொழி 2:
சாலையில் ஓட்டுவதை நானும் வரவேற்கிறேன். பந்தயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். உங்கள் கார் ஏற்கெனவே புதுப்பிக்கப்பட்டதா, தொழிற்சாலைப் பெயின்ட்டோடு இருப்பதா என்பதைச் சொல்லவில்லை. இரண்டாவது வகையென்றால், எந்த போல்ட்டுக்கு எந்தப் பூச்சு, எங்கே ஆய்வாளரின் சுண்ணக்குறி என்பவற்றைப் புதுப்பிப்பவர்கள் கற்றுக்கொள்வது இத்தகைய கார்களிலிருந்துதான். அந்தச் சான்றை ஒரு மோதல் அழித்துவிடும். அதிவேகச் சுழற்சியில் பிஸ்டனைத் தாங்கும் ஒரு கனெக்டிங் ராடு முறிந்து எஞ்சினின் உடலான பிளாக்கைத் துளைத்தால், எண் பொருந்திய எஞ்சினை எந்தப் பணமும் மீட்டுத் தராது. பந்தயமே வேண்டுமென்றால் அசல் எஞ்சினை இறக்கி, எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்திவிட்டு, செவ்ரோலேயின் ஸ்மால் பிளாக் வகையைச் சேர்ந்த வேறோர் எஞ்சினைப் பொருத்தி ஓட்டுங்கள்.

மறுமொழி 3:
எஞ்சினை மாற்றும் யோசனை நல்லது. எந்தப் பந்தயம் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கால் மைல் நேர்பாதையில் ஓடும் டிராக் (drag) ரேஸில் சாதாரண நிலையிலுள்ள இசட்/28 பொதுவாக 14 விநாடிக்கு மேல் எடுக்கும். அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதிப்படி 13.99 விநாடிக்குள் ஓடினால் ஹெல்மெட்டும், 11.49க்குள் ஓடினால் கார் கவிழ்ந்தால் காக்கும் ரோல் பார் என்ற சட்டமும் கட்டாயம் என்பதால், அதைப் பொருத்த நீங்கள் காரின் தரையில் துளையிட வேண்டிய நிலையே வராது; ஆனாலும் ஹெல்மெட்டை அணியுங்கள். தரையைக் கவ்விப் பிடிக்கும் பந்தய டயர்களைத் தவிருங்கள், ஏனெனில் சாதாரண டயர் வழுக்கும்போது தணியும் அதிர்ச்சி முழுவதும் பின் அச்சின் மீதே விழும்.

வளைவுகள் கொண்ட தடம் இதைவிடக் கடினமானது. முன்சக்கர டிஸ்க் பிரேக்குகள் இருந்தும், பின்சக்கர டிரம்கள் சில சுற்றுகளிலேயே சூடேறிப் பிடிமானம் இழக்கும்; நீண்ட வளைவில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கினால் பேரிங்குகள் வறண்டுவிடும். ஆகவே பயிற்றுநர் உடனிருக்கும் பயிற்சி நாட்களில் தொடங்குங்கள். கலிபோர்னியாவில் மான்டெரேயின் லகூனா செக்கா பந்தயத் தடத்தில் பழைய டிரான்ஸ்-ஆம் கார்கள் ஓடுவதைப் பார்த்து அதே களத்தில் இறங்க நினைக்க வேண்டாம். அங்கே அந்தக் காலத்தில் பந்தயமோடிய வரலாறு உள்ள கார்களுக்கே இடம் உண்டு.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. கார் முன்பே புதுப்பிக்கப்பட்டதுதான். அசல் எஞ்சினை இறக்கிவைத்து, முதலில் டிராக் ரேஸில் ஓட்ட முடிவு செய்துள்ளேன்.

மறுமொழி 3:
மகிழ்ச்சி. தடத்துக்குப் போகும் முன் காப்பீட்டுப் பத்திரத்தைப் படியுங்கள். பழங்கால கார்களுக்கான காப்பீடுகள் நேரம் கணக்கிடப்படும் ஓட்டங்களைப் பெரும்பாலும் விலக்கிவைக்கின்றன. அதற்கெனத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டியிருக்கும்.