பேக்-12 கலைந்த கதை: மைதானத்திலும் வெளியிலும் நாம் பார்த்தது

புல்மன், வாஷிங்டன் மாநிலம்

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் பல்கலைக்கழகங்கள் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டுகளாகச் சேர்ந்து ஆடுகின்றன; டிவி உரிமையை விற்பதும் அந்தக் கூட்டுதான். மேற்கு மாநிலங்களின் பேக்-12 அப்படி ஒன்று. ஒரு பல்கலைக்கழகம் கான்ஃபரன்ஸ் மாறினால் செய்தியில் வருவது டாலர் கணக்கு மட்டும்தான். அந்த ஊர்களில் இருந்தவர்கள் என்ன பார்த்தார்கள், யாரிடம் என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நானே தொடங்குகிறேன்; மற்ற ஊர்க்காரர்களும் கீழே தொடருங்கள்.

படிக்க வந்து, இந்த ஊரிலேயே வேலையும் கிடைத்துத் தங்கிவிட்டவன் நான். புல்மன் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், பலூஸ் மேடுகளின் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கிறது. மக்கள்தொகை முப்பதாயிரத்துக்குச் சற்று மேல். வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் ஸ்டேடியத்தில் இருக்கைகளும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆட்டம் உள்ள வாரம் என்றால் சியாட்டில் பக்கத்திலிருந்து ஐந்து மணி நேரம் ஓட்டிக்கொண்டு ஆர்வி வண்டிகள் வந்து சேரும். வருஷத்தில் அந்த ஆறேழு சனிக்கிழமைகளை நம்பித்தான் இங்கே பல ஹோட்டல்களும் சாப்பாட்டுக் கடைகளும் ஓடுகின்றன.

ஸ்டேடியத்தில் எனக்கு அடுத்த இருக்கை ஒரு கோதுமை விவசாயியுடையது. எழுபதைத் தாண்டியவர். நாலு முயற்சியில் பத்து கஜம் நகர வேண்டும் என்பதில் ஆரம்பித்து ஆட்டத்தின் நுணுக்கம் ஒவ்வொன்றையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். 1978இல் அரிசோனாவும் அரிசோனா ஸ்டேட்டும் சேர்ந்து பேக்-8 பேக்-10 ஆனது, 2011இல் கொலராடோவும் யூட்டாவும் வந்து பேக்-12 ஆனது எல்லாம் அவருக்கு வீட்டில் நடந்த கல்யாணங்கள் மாதிரி நினைவில் இருக்கின்றன.

2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகங்களான யூஎஸ்சியும் யூசிஎல்ஏவும் பேக்-12ஐ விட்டு பிக் டென் என்ற கான்ஃபரன்சுக்குப் போவதாக அறிவித்தன. "லாஸ் ஏஞ்சலிஸே போய்விட்டால் டிவிக்காரர்களிடம் விற்க நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று அந்த வாரமே அவர் கேட்டார். அவர் பயந்தபடிதான் நடந்தது. அந்த ஆகஸ்டில் பிக் டென் கான்ஃபரன்ஸ் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி என்ற மூன்று டிவி நிறுவனங்களோடும் ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. அக்டோபரில் பிக் 12 என்ற இன்னொரு கான்ஃபரன்ஸ் முந்திக்கொண்டு ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸ் இரண்டோடும் பேசி முடித்தது. அதில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 3 கோடியே 17 லட்சம் டாலர். பேக்-12 மட்டும் பேசிக்கொண்டே இருந்தது. 2023 ஜூலை கடைசியில் கொலராடோ பொறுமை இழந்து பிக் 12க்கே திரும்பிப் போனது. அதன் பிறகுதான் பேக்-12இன் தலைமை நிர்வாகியான கமிஷனர் ஜார்ஜ் கிலியாவ்கோஃப் ஆப்பிள் நிறுவனத்தின் இணைய ஒளிபரப்பு ஒப்பந்தத்தை முன்வைத்தார். அடிப்படைத் தொகை பிக் 12 வாங்குவதைவிடக் குறைவு. சந்தா கட்டிப் பார்ப்பவர்கள் பெருகினால்தான் பணமும் பெருகும்.

ஆகஸ்டு 4, வெள்ளிக்கிழமை. மீதமிருந்த ஒன்பது பல்கலைக்கழகங்களும் அன்று காலை கையெழுத்துப் போட்டுவிடும் என்றுதான் எதிர்பார்த்தோம். ஆனால் அன்று ஆரெகன் பல்கலைக்கழகமும் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் பிக் டென்னுக்குப் போயின. இரவுக்குள் அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12இல் சேர்ந்தன. மிஞ்சியது நாலு. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியாவும் கிழக்குக் கடற்கரைக் கான்ஃபரன்சான ஏசிசிக்குப் போனதும் இரண்டே இரண்டு: நாங்களும் ஆரெகன் ஸ்டேட்டும். 1915இல் தொடங்கிய கூட்டு ஒரு மாதத்துக்குள் இப்படி ஆகிவிட்டது.

இத்தனை பேர் எப்படிச் சுலபமாக வெளியே போக முடிந்தது என்று பலர் கேட்கிறார்கள். சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் கான்ஃபரன்சுக்கு எழுதிக் கொடுத்திருக்கும். கிராண்ட் ஆஃப் ரைட்ஸ் என்பார்கள். ஆளைப் பிடித்து வைப்பது அந்தப் பத்திரம்தான். பேக்-12இல் அது 2024 கோடையோடு முடிவதாக இருந்தது. புது டிவி ஒப்பந்தம் இல்லாததால் புதுப் பத்திரமும் இல்லை. ஏசிசியில் அது 2036 வரை இருந்ததால்தான் ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது.

அந்த செப்டம்பர் 23 அன்று ஆரெகன் ஸ்டேட் இங்கே விளையாட வந்தது. ஆரெகன் ஸ்டேட்டின் ஊரான கொர்வாலிஸிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி ஆரஞ்சு சட்டையோடு எங்கள் வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வேறு வருஷமாக இருந்தால் கேலியும் கிண்டலுமாகப் போயிருக்கும். அன்று விவசாயி அவர்களோடு எழுந்து நின்று கைகுலுக்கினார். 38-35 என்று நாங்கள் ஜெயித்தோம். முடிந்த பிறகும் நாலு பேரும் கிளம்பவில்லை. அடுத்த வருஷம் யாரோடு விளையாடுவது என்ற பேச்சுதான். "களத்தில் நாம் எதில் குறைந்தோம்?" என்று அந்த அம்மா கேட்டார். ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை. எங்கள் ஊரைச் சுற்றி டிவி வைத்திருக்கும் வீடுகள் குறைவு, அவ்வளவுதான். இந்த விஷயத்தில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். எவ்வளவு நன்றாக விளையாடினாலும் சரிசெய்ய முடியாத ஒன்றுக்காக ஒரு அணியை ஒதுக்கிவிட்டார்கள்.

போகிறவர்களே கான்ஃபரன்ஸின் சொத்தையும் பங்கு போட்டுவிடக் கூடாது என்று இரண்டு பல்கலைக்கழகங்களும் வழக்குப் போட்டன. விசாரணை நடந்தது பக்கத்து ஊரான கோல்ஃபாக்ஸில், விட்மன் கவுண்டி கோர்ட்டில். விவசாயி அதற்கும் போய் உட்கார்ந்திருந்தார். நவம்பர் 14 அன்று நீதிபதி கேரி லிபி நிர்வாகக் குழுவின் கட்டுப்பாட்டை இந்த இரண்டுக்கும் கொடுத்தார். டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்ததும் அது உறுதியானது. நவம்பர் 14 இரவு விவசாயி என்னைக் கூப்பிட்டு கோர்ட்டில் யார் என்ன வாதாடினார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசி நிமிடத்தில் ஜெயித்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் குரலில் அந்த வேகம் வரும்.

ஸ்டில்வாட்டர், ஓக்லஹோமா

புல்மன் நண்பருக்கு நன்றி. எங்கள் பக்கத்தில் கான்ஃபரன்ஸ் கலையவில்லை, ஆனால் ஓர் ஆட்டம் போய்விட்டது. ஓக்லஹோமாவும் டெக்சஸும் எங்கள் பிக் 12ஐ விட்டு எஸ்இசி என்ற கான்ஃபரன்சுக்குப் போகப் போவது 2021 ஜூலையிலேயே தெரிந்துவிட்டது. ஓக்லஹோமாவுக்கும் எங்கள் ஊர் ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கும் இடையே 1904இல் தொடங்கிய பெட்லம் ஆட்டம் 2023 நவம்பர் 4 அன்று இங்கே கடைசியாக நடந்தது. 27-24 என்று ஓக்லஹோமா ஸ்டேட் ஜெயித்தது. கூட்டம் மொத்தமும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது.

என்னோடு வேலை செய்பவரின் மனைவி ஓக்லஹோமா பல்கலைக்கழகம் இருக்கும் நார்மன் ஊர்க்காரர், எதிரணி ஆள். வருஷத்துக்கு ஒருநாள் அந்த வீட்டு வாசலில் இரண்டு கொடிகள் பறக்கும்; அன்று மதியச் சாப்பாட்டுக்கு எங்களையும் கூப்பிடுவார்கள். அடுத்த வருஷ நவம்பரில் அந்த அழைப்பு வரவில்லை. கேட்டேன். "எதற்காகக் கூப்பிடுவது?" என்றார். நார்மனுக்கும் ஸ்டில்வாட்டருக்கும் நடுவே எண்பது மைல் சொச்சம்தான். இவ்வளவு பக்கத்தில் இருக்கும் இரண்டு ஊர்கள் ஒன்றோடொன்று விளையாட முடியாமல் போனதை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

என்னோடு வேலை செய்யும் அவர் இன்னொன்றும் சொன்னார், பலருக்குத் தெரியாதது. ஒருகாலத்தில் எந்த ஆட்டம் டிவியில் வரலாம் என்பதைக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்புதான் முடிவு செய்தது. ஓர் அணி இரண்டு வருஷத்தில் ஆறு தடவைக்கு மேல் டிவியில் வரக் கூடாது என்று விதியே இருந்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் ஓக்லஹோமா பல்கலைக்கழகமும் ஒன்று. 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்று என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. எதிர்த்த இரண்டு நீதிபதிகளில் ஒருவரான பைரன் வைட் தன் காலத்தில் கொலராடோவின் ஃபுட்பால் நட்சத்திரம். இன்று நாம் பார்க்கும் இந்த ஏலம் எல்லாவற்றுக்கும் அந்தத் தீர்ப்புதான் வழி திறந்தது.

லாஸ் ஏஞ்சலிஸ்

நான் ஃபுட்பால் அதிகம் பார்ப்பதில்லை. ஆனால் பிக் டென்னுக்குப் போன ஒரு மேற்குக் கடற்கரைப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறேன், பெயர் வேண்டாம். என் வகுப்பில் ஒரு வாலிபால் வீராங்கனை இருந்தாள். முன்பெல்லாம் அவர்களுக்கு அரிசோனா, யூட்டா என்று ஒன்றிரண்டு மணி நேரப் பயணம்தான். இப்போது நியூ ஜெர்சி, மேரிலாந்து; மூன்று மணி நேரக் கால வித்தியாசம். இடைத்தேர்வை அவள் எழுதியது இந்தியானாவில் ஒரு ஹோட்டல் அறையில், உதவிப் பயிற்சியாளர் எதிரே உட்கார்ந்து கண்காணிக்க. திரும்பி வந்த மறுநாள் காலை எட்டு மணி வகுப்பில் முன் வரிசையில் இருந்தாள்.

கஷ்டமா என்று கேட்டேன். விளையாட்டு பிடித்திருக்கிறது, தூக்கம்தான் போதவில்லை என்றாள். இந்த ஒப்பந்தம் முழுக்க ஃபுட்பாலை வைத்துப் போட்டது. அதற்காக வாரா வாரம் விமானம் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் ஃபுட்பால் ஆடாதவர்கள். ஃபுட்பால் அணியாவது வாரத்துக்கு ஒரே ஆட்டம், அதுவும் சனிக்கிழமை. இந்தப் பெண்களுக்குப் புதன்கிழமை இரவிலும் ஆட்டம் இருக்கும்.

சியாட்டில்

எல்லாரும் வருத்தத்தையே எழுதுகிறீர்கள். நான் வாஷிங்டன் பல்கலைக்கழக அணியான ஹஸ்கீஸ் பக்கம், என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 1 அன்று லாஸ் வேகஸில் நடந்த கடைசி பேக்-12 இறுதி ஆட்டத்துக்குப் போயிருந்தேன். ஆரெகனை 34-31 என்று வென்றோம். பக்கத்தில் இருந்தவர் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் நேராகவே கேட்டேன், நாம் செய்தது சரியா என்று. அவர் விரல் விட்டு எண்ணினார்: 2013இல் புதுப்பித்த ஸ்டேடியத்தின் கடன், படகோட்டம் முதல் ஓட்டப்பந்தயம் வரை ஃபுட்பால் பணத்தில் ஓடும் விளையாட்டுகள், சந்தாவை நம்பி மட்டும் நிற்கும் ஓர் ஒப்பந்தம். "எவ்வளவு வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத காகிதத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா?" என்றார். வாஷிங்டனுக்கும் ஆரெகனுக்கும் பிக் டென்னில் முழுப் பங்குகூடக் கிடைக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பாதிக்குச் சம்மதித்தே போனோம்.

புல்மன்காரர்களின் கோபம் நியாயமானது. ஆனால் தவறு 2023இல் நடந்ததாக நான் நினைக்கவில்லை. 2012இல் பேக்-12 யாரையும் கூட்டுச் சேர்க்காமல் சொந்தமாக ஒரு சேனலைத் தொடங்கியது. டைரெக்டிவி என்ற செயற்கைக்கோள் டிவி சேவையில் அது கடைசிவரை வரவே இல்லை. பிக் டென் நெட்வொர்க்குக்கு ஃபாக்ஸும் எஸ்இசி நெட்வொர்க்குக்கு ஈஎஸ்பிஎன்னும் துணை நின்றபோது, நம் ஆட்டத்தை நம் வீட்டு டிவியிலேயே பார்க்க முடியாத வருஷங்கள் இருந்தன. சரிவு அங்கே தொடங்கியது.

வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் வருஷா வருஷம் மோதும் ஆப்பிள் கப் ஆட்டத்தை மட்டும் நிறுத்தவில்லை. 2028 வரை நடத்த இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. 2024இல் சியாட்டிலின் லூமன் ஃபீல்டு மைதானத்தில் நீங்கள் எங்களை 24-19 என்று தோற்கடித்ததை நான் நேரில் பார்த்தேன். கடைசி நேரத்தில் கோல் கோட்டருகே எங்களைத் தடுத்தது அருமை.

லாரமி, வயோமிங்

நான் சுருக்கமாக முடிக்கிறேன். புல்மன் நண்பரின் பதிவு மனதைத் தொட்டது. ஆனால் 2024 செப்டம்பரில் பேக்-12 எங்கள் கான்ஃபரன்சான மவுன்டன் வெஸ்டிலிருந்து பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் என்று ஐந்தை எடுத்துக்கொண்டது. அந்த வருஷம் உங்களுக்கு ஆட்டங்கள் கொடுத்து உதவியது எங்கள் கான்ஃபரன்ஸ். ஆளை எடுத்தால் பணம் கட்ட வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. ஐந்துக்கும் சேர்த்து 5.5 கோடி டாலர். அதைக் கட்டுவதற்குப் பதில் பேக்-12 வழக்குப் போட்டது.

கொலராடோ ஸ்டேட்டும் எங்கள் வயோமிங் பல்கலைக்கழகமும் 1968 முதல் வெண்கல பூட்ஸ் கோப்பைக்கு மோதுகிறவர்கள். அவர்கள் ஊரான ஃபோர்ட் காலின்ஸ் இங்கிருந்து ஒரு மணி நேரம். இங்கே முடிதிருத்தும் கடையில் ஒரு பெரியவர் சொன்னது: "லாரமியை யாரும் கேட்கவே இல்லை." உங்கள் ஊரில் அந்த ஆகஸ்டில் பேசியதும் இதே பேச்சாகத்தான் இருந்திருக்கும்.

புல்மன், வாஷிங்டன் மாநிலம்

லாரமி நண்பரே, நீங்கள் எழுதியதை விவசாயியிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவர் சொல்வது சரி" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். வாழ வேறு வழி இல்லை என்பது உண்மை. அதனால் உங்களுக்கு வலிக்காமல் போய்விடாது. மேலே இருப்பவர் செய்ததைக் கீழே இருப்பவர் அவருக்கும் கீழே இருப்பவரிடம் செய்ய வேண்டிய நிலையில் இந்த டிவி ஏற்பாடு எல்லாரையும் கொண்டுவந்து நிறுத்துகிறது.

சியாட்டில் நண்பர் சேனல் பற்றிச் சொன்னதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். கூட ஒன்று: ஆட்ட நேரம். ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதைப் பல வாரங்களில் பன்னிரண்டு நாள் முன்னால்தான் டிவி நிறுவனம் சொல்லும், சிலசமயம் ஆறே நாள் முன்னால். கிழக்கில் இரவு பத்தரை மணி இடைவெளியை நிரப்ப எங்களை ஏழரைக்கு ஆட வைப்பார்கள். நவம்பரில் இங்கே உறையும் குளிர். ஆட்டம் முடிந்து ஐந்து மணி நேரம் மலை தாண்டி ஓட்டிப் போக வேண்டிய குடும்பங்கள் மூன்றாவது குவார்ட்டரிலேயே எழுந்து போவதை எத்தனையோ இரவு பார்த்திருக்கிறேன். ஸ்டேடியத்துக்கு வருகிறவரைப் பற்றி யாரும் நினைக்கவில்லை என்பது எனக்கு முதலில் புரிந்தது அப்போதுதான்.

2026 ஜூலை 1 முதல் புது பேக்-12இன் கணக்கு தொடங்குகிறது. ஃபுட்பாலுக்கு நாங்கள், ஆரெகன் ஸ்டேட், மவுன்டன் வெஸ்டின் ஐந்து, டெக்சஸ் ஸ்டேட் என எட்டு. கூடைப்பந்துக்கு கான்சாகாவும் உண்டு. கான்சாகா இருக்கும் ஸ்போகேன் இங்கிருந்து ஒன்றரை மணி நேரம்தான் என்பதில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். விவசாயி சீசன் டிக்கெட்டைப் புதுப்பித்துவிட்டார். பாய்சிக்கு ஓட்டிப் போகலாம் என்கிறார்.

ஃப்ரெஸ்னோவிலும் டெக்சஸ் ஸ்டேட்டின் ஊரான சான் மார்க்கோஸிலும் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். மேலே வந்து சேர்கிற பக்கத்தில் ஊருக்குள் என்ன பேச்சு என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.