செலேட்டட் அயர்ன்: கொடுக்கிரும்பா, கவ்விரும்பா?

(மண்டபம், கீழக்கரை, தங்கச்சிமடம் என்ற மூன்று கரையோர ஊர்களிலிருந்து எழுதிக்கொண்டவை.)

மண்டபத்திலிருந்து:

நன்னீர்ச் செடித்தொட்டிக்கு வீட்டிலேயே உரம் கலக்கும் முறையைத் தமிழில் எழுதிவருகிறேன். ‘செலேட்டட் அயர்ன்’ (கரிம மூலக்கூறு பிடித்துவைத்திருக்கும் இரும்புச்சத்து) என்ற இடத்தில்தான் தட்டுகிறது. பள்ளி வேதியியலில் இந்தப் பிணைப்புக்குக் ‘கொடுக்கிணைப்பு’ என்ற சொல் இருப்பதால் ‘கொடுக்கிரும்பு’ என்று வைக்கலாமா? 1920இல் மார்கனும் ட்ரூவும் ஆங்கிலச் சொல்லை உண்டாக்கியபோது, நண்டு, சிங்கி இறாலின் பெரிய கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் எடுத்தார்கள்.

கீழக்கரையிலிருந்து:

மூலம் சரிதான் தம்பி. ஆனால் கொடுக்கு என்றதும் நம் ஆட்களுக்குத் தேளும் குளவியும்தான் நினைவுக்கு வரும். டப்பாவில் அப்படி எழுதி ஒட்டினால் விஷமோ என்று தயங்குவார்கள். கொடுக்கின் வேலை கொட்டுவது. இங்கே நடப்பது கவ்வுவது. வலையில் நீலக்கால் நண்டைக் கழிக்கும்போது பாருங்கள்: இரண்டு விரலுக்கு நடுவே நூலைப் பிடித்துக்கொண்டு, இழுக்க இழுக்க இறுக்கும். இரும்பு அயனியை ஒரு கரிம மூலக்கூறு பல முனைகளால் பிடித்திருப்பதும் அப்படியே. எனவே ‘கவ்விரும்பு’. பிடிக்கும் மூலக்கூறு ‘கவ்வி’. பிடி தளர்ந்தால் ‘கவ்வு விட்டது’.

இந்தக் கடைசிச் சொல்தான் எனக்கு முக்கியம். ஈடிடிஏ என்னும் கவ்வி பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) 6.5 வரைக்கும்தான் உறுதியாகப் பிடிக்கும். டிடிபிஏ என்ற கவ்வி ஏறத்தாழ 7.5 வரை தாங்கும். ஈடிடிஎச்ஏ என்ற கவ்வி 9இலும் விடாது, ஆனால் தண்ணீரைச் சிவப்பாக்கிவிடும். நம் கரையோரப் போர்த்தண்ணீரில் சுண்ணாம்பும் காரமும் கூடுதல். உரக்கடையில் எளிதில் கிடைக்கும் 12 சதவீத ஈடிடிஏ இரும்பை அதில் போட்டால் கவ்வு விட்டு, இரும்பு துருவாகப் படிந்துவிடும். இளந்தளிர் வெளுத்தே நிற்கும். போட்டவர் அளவு போதவில்லை என்று மேலும் மேலும் போடுவார். ‘செலேட்’ என்ற ஒலியில் இந்தக் காரணம் தெரியாது. ‘கவ்வு விட்டது’ என்றால் தெரியும்.

மண்டபத்திலிருந்து:

கவ்வி என்றால் துணிமாட்டும் கிளிப்பையும் சொல்வார்களே காக்கா (அண்ணே)? தனியாக நின்றால் குழப்பம் வரும், ‘இரும்புக் கவ்வி’ என்று அடையோடு எழுதினால் இடுக்கி என்றாகிவிடும். ஆகவே மூலக்கூறைக் ‘கவ்வு மூலக்கூறு’ என்று நீட்டி எழுதிவிடுகிறேன். கவ்விரும்பை அப்படியே ஏற்கிறேன்.

அளவுகளையும் பார்த்துச் சொல்லுங்கள். 100 லிட்டர் தொட்டிக்கு மூன்று தனிப் புட்டிகள், ஒவ்வொன்றும் 200 மி.லி. முதலாவதில் 13-0-45 (மூட்டையில் போட்டிருக்கும் தழை, மணி, சாம்பல் சத்துச் சதவீதம்) என்ற பொட்டாசியம் நைட்ரேட் 35 கிராம், 10 மி.லி. ஊற்றினால் லிட்டருக்கு 10 மி.கிராம் நைட்ரேட் ஏறும். மூட்டையில் உள்ள 13 நைட்ரஜன் கணக்கு, நைட்ரேட்டாக்க 4.43ஆல் பெருக்க வேண்டும். இரண்டாவதில் 0-52-34 என்ற பொட்டாசியம் பாஸ்பேட் வெறும் 2.9 கிராம், அதே 10 மி.லி.க்கு லிட்டருக்கு 1 மி.கிராம் பாஸ்பேட். மூன்றாவதில் 11 சதவீத டிடிபிஏ கவ்விரும்பு 1.8 கிராம், லிட்டருக்கு 0.1 மி.கிராம் இரும்பு. கரைக்கப் பிடித்துவைத்த மழைத்தண்ணீர் அல்லது பேட்டரித் தண்ணீர். போர்த்தண்ணீரில் கரைத்தால் பாஸ்பேட் சுண்ணாம்போடு சேர்ந்து புட்டியடியில் வெள்ளையாக உறையும்.

கீழக்கரையிலிருந்து:

கணக்கு சரி. சில குறிப்புகளையும் சேர்க்கவும். பாஸ்பேட்டும் கவ்விரும்பும் ஒரே புட்டியில் கூடாது, ஒரே நாளிலும் வேண்டாம். கவ்விரும்பு வெளிச்சத்தில் சிதையும். பழுப்புப் புட்டியில் வையுங்கள். 2.9 கிராமைக் கரண்டியால் அளக்கவே கூடாது, 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். ஊற்றும் முன் ஒரு சோதனை: கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீர் எடுத்து, சில சொட்டுக் கவ்விரும்பு விட்டு மறுநாள் வெள்ளைத்தாளின்மேல் வைத்துப் பாருங்கள். அடியில் தவிட்டு நிறத் துகள் கண்டால் கவ்வு விட்டது என்று பொருள்.

தங்கச்சிமடத்திலிருந்து:

உரம் கலக்கும் முறைக்கு நீங்கள் வைத்த தலைப்பில் ‘உப்புக் கரைசல்’ என்று போட்டிருக்கிறீர்கள். வேதியியலில் அது சரியே. ஆனால் வாலிநோக்கத்து உப்பளம் இருக்கும் கரையில் உப்பு என்றால் சோற்றுப்புதான். யாராவது அதைக் கரைத்து ஊற்றினால் செடி கருகும். ‘உரக்கரைசல்’ போதும். ‘வீட்டு உரம்’ என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். வீட்டு உரம் என்றால் மீன் அமிலம், பஞ்சகவ்யம் என்றுதான் புரிந்துகொள்வார்கள். மிளகாய்க் கொல்லைக்கு அவை நல்லவை. தொட்டியில் ஊற்றினால் பாக்டீரியா பெருகித் தண்ணீர் கலங்கும், ஆக்சிஜன் குறைந்து விடிவதற்குள் மீன் மேலே வந்து வாய்பிளக்கும்.

கொல்லைக்கு வாங்கிய 19-19-19ம் அப்படித்தான். அதிலுள்ள யூரியா அம்மோனியாவாக மாறும். பி.எச். 7இல் இருப்பதைவிட 8இல் நச்சு அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்கு. நம் தண்ணீர் 8க்குப் பக்கம் என்பதால் இந்த எச்சரிக்கையை அடிக்குறிப்பில் ஒதுக்காமல் முதல் பத்தியிலேயே வையுங்கள்.

மண்டபத்திலிருந்து:

மாற்றிவிட்டேன். மூன்றாம் புட்டியின் சீட்டு இப்போது இப்படி: “கவ்விரும்பு, டிடிபிஏ. 100 லிட்டருக்கு 10 மி.லி. பாஸ்பேட் ஊற்றிய நாளில் ஊற்றாதே. பி.எச். 7.5க்கு மேல் கவ்வு விடும். மழைத்தண்ணீர் கலந்து பி.எச்.ஐ இறக்கிய பிறகே ஊற்று.”