மாமா சுட்டுவிட்டார், போலீஸ் கூப்பிடுகிறது

ஹலசூரு மருமகன்:
இங்கே பெங்களூரில் நேற்று ராத்திரி பூட்டை உடைத்து அரிவாளோடு ஒருவன் மாமா வீட்டுக்குள் வந்தான். மாமா லைசென்ஸ் துப்பாக்கியால் காலில் சுட்டார். அவன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், துப்பாக்கி போலீஸ் கையில். நாளை ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள். "உண்மையைத்தானே சொல்லப்போகிறார், வக்கீல் எதுக்கு?" என்கிறார் அத்தை.

சிவாஜிநகர் வக்கீல்:
உண்மை சொல்கிறவருக்கும் வக்கீல் வேண்டும் தம்பி. தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில், அதாவது இப்போதைய குற்றவியல் சட்டத்தில், 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. ராத்திரி வீடு உடைத்து நுழைந்தவன் உயிரே போனாலும் அது பொருந்தலாம். ஆனால் தற்காப்புதான் என்று காட்டும் பொறுப்பு மாமாவுடையது. குண்டு முன்னாலிருந்து பாய்ந்ததா, பின்னாலிருந்தா? காயச் சான்றிதழில் வந்துவிடும். ஓடுகிறவனைச் சுட்டிருந்தால் கதையே வேறு. விசாரணை வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சட்டம் சொல்லவில்லை. கன்னடத்தில் எழுதி நீட்டினால், படிக்கத் தெரியாதவர் அவசரப்பட்டுப் போட்டுவிடுவார், அதுதான் என் பயம். முன்ஜாமீனுக்கு இன்றே பேசுங்கள். கைது செய்தால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும்.

விவேக்நகர் அக்கா:
உடைந்த பூட்டைத் தொடாதீர்கள், தரையைக் கழுவாதீர்கள். எதிர்வீட்டு கேமரா பதிவு அழிவதற்குள் நகல் கேளுங்கள்.

ஹலசூரு மருமகன்:
சரி அக்கா. அத்தை வாளியோடு நிற்கிறார், தடுக்கப் போகிறேன்.