ஐசிஎம்பி-ய டிராப் பண்ணதுல இருந்து அப்லோடு மட்டும் தொங்குது, ஏன்?

அம்பை ஜெராக்ஸ்:
அண்ணாச்சிமாரே, ஒரு சந்தேகம். அம்பாசமுத்திரத்துல ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன் போடுத கடை வச்சிருக்கேன். ஃபைபர் லைன், பிபிபிஓஇ யூசர்நேம் போட்டு ரவுட்டரே டயல் பண்ணும். தெரிஞ்ச பையன் ஒருத்தன் வந்து பிங்குக்கு, அதான் ஆள் இருக்கியான்னு கேக்குத சின்ன மெசேஜுக்கு, பதில் சொன்னா ஹேக் பண்ணிருவானுவன்னு பயங்காட்டி ரவுட்டர் ஃபயர்வால்ல ஐசிஎம்பி மொத்தத்தையும் டிராப் பண்ணி வச்சிட்டுப் போயிட்டான், வாறது போறது எல்லாம். இப்ப சைட்டு தொறக்கு, லாகின் ஆவுது, பேரு அட்ரஸ் அடிச்சா போவுது, சாதி சர்டிபிகேட் ஸ்கேனை ஏத்துனா மட்டும் வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கு, ஒரு எரர் கூட வரமாட்டேங்கு. அதே லேப்டாப்ப போன் ஹாட்ஸ்பாட்ல போட்டா டக்குன்னு ஏறிருது. பிங்குக்கும் அப்லோடுக்கும் என்ன சம்பந்தம்?

பேட்டைக்காரன்:
எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெருசா போவலாம்ங்கிற அளவு, அந்தப் பிரச்சனைவே. கம்ப்யூட்டர்ல 1400ன்னு வச்சிட்டு சோலியப் பாரும்.

பாளை அண்ணாச்சி:
1400 வச்சா ஓடும்தான், ஆனா கடைக்கு வாறவன் போன வைஃபைல போட்டா அவன் போன்லயும் போய் மாத்துவீரா?

தம்பி, ஐசிஎம்பின்னா பிங்குன்னு நெனச்சதுதான் கோளாறு. ஐபி-க்கு தப்பு நடந்தா சொல்லுததுக்கு வழி இல்லன்னு 1981லயே ஜான் போஸ்டல் ஆர்எஃப்சி 792ல எழுதி வச்சது அது, பிங் புரோகிராம மைக் மூஸ் எழுதுனது 1983ல, அதுல இருக்க எக்கோங்கிற கேள்வி-பதில் மெசேஜ வச்சுத்தான். மத்த மெசேஜ் எல்லாம் வேற சோலி பாக்கு. போய்ச் சேர முடியலன்னா டைப் 3, டிடிஎல், அதான் பாக்கெட் எத்தன ரவுட்டர் தாண்டலாம்ங்கிற கணக்கு, தீந்துட்டுன்னா டைப் 11, இந்த டைப் 11ஐ வச்சுத்தான் பாக்கெட் போற பாதையக் காட்டுத டிரேஸ்ரூட்டே ஓடுது.

உமக்கு வேண்டியது டைப் 3, கோடு 4. லேப்டாப் 1500 பைட் பாக்கெட்டா அனுப்பும், பிபிபிஓஇ தலைப்புக்கு 8 போச்சுன்னா லைன்ல 1492தான் போவும். லேப்டாப் அதுல உடைக்கக் கூடாதுன்னு டிஎஃப் பிட் வேற போட்டு விட்டிருக்கும். ரவுட்டர் என்ன செய்யணும், பாக்கெட்ட கீழ போட்டுட்டு “பெருசா இருக்கு, 1492க்குள்ள அனுப்பு”ன்னு லேப்டாப்புக்குச் சொல்லணும். அந்தப் பதில்ல பழைய பாக்கெட்டோட ஐபி தலைப்பும் அதுக்கு அடுத்த 8 பைட்டும் ஒட்டி வரும், டேட்டா ஒழுங்காப் போய்ச் சேருதான்னு பாக்குத டிசிபி-ன்னா போர்ட் நம்பரும் சீக்வென்ஸ் நம்பரும் அந்த 8க்குள்ள இருக்கும், அத வச்சு எந்தக் கனெக்ஷன்னு லேப்டாப் கண்டுபிடிச்சிரும். உம்ம ரவுட்டர் பாக்கெட்டையும் போடுது, பதிலையும் முழுங்குது. லேப்டாப் பாவம் அதே 1500ஐ திரும்பத் திரும்ப அனுப்பிக்கிட்டு இருக்கு. பேரு அட்ரஸ்லாம் சின்ன பாக்கெட், அதான் போயிருது.

அந்த டிராப் ரூல எடுத்துட்டு கமாண்ட் பிராம்ப்ட்ல பிங், மைனஸ் எஃப் (உடைக்காதன்னு), மைனஸ் எல் 1472 (அளவு) போட்டுப் பாரும். 28 பைட் தலைப்போட 1500 ஆவும், போகாது. 1464 போகணும். அப்படியே ரவுட்டர்ல எம்எஸ்எஸ் கிளாம்ப், அதாவது ஒரு பாக்கெட்ல போற டேட்டா அளவக் குறைச்சு வைக்க வசதி, இருந்தா 1452 வச்சிரும், எல்லா டிவைசுக்கும் சேத்து ஆச்சு. டிசிபி-க்கு மட்டுந்தான் அது, அதுக்காக ஐசிஎம்பி-ய மறுபடி அடைச்சிராதியும்.

அம்பை ஜெராக்ஸ்:
அண்ணாச்சி, ரூல எடுத்த உடனே ஸ்கேன் ஏறிட்டு! 1472க்கு ரவுட்டரோட 192.168.1.1ல இருந்தே ஃப்ராக்மென்ட் பண்ணணும்னு பதில் வருது, 1464க்கு ஒழுங்கா ரிப்ளை. அப்ப அந்தப் பையன் சொன்ன பயம் சும்மாவா?

மேலப்பாளையம் ரூட்டு:
சும்மா இல்ல, பழசு. தொண்ணூறுகள்ல பிங் ஆஃப் டெத், ஸ்மர்ஃப்னு பிங்க வச்சே மெஷின முடக்குத ரெண்டு ஆட்டம் ஆடுனானுவ, அந்த பயத்துல எல்லாத்தையும் அடைக்கச் சொன்னதுதான் இன்னும் வாய்வழியா வந்துக்கிட்டு இருக்கு. வெளிய இருந்து வார டைப் 5 ரீடைரக்ட அடைச்சு வையும், அது பாதைய மாத்தச் சொல்லுத மெசேஜ், கடை ரவுட்டருக்கு வெளிய இருந்து அது வரவே வேண்டாம். எக்கோவுக்கு இவ்வளவுதான் வரலாம்னு ரேட் லிமிட் போட்டாப் போதும். டைப் 3, டைப் 11ல கைய வைக்காதியும்.

ஐபி-யோட புது வெர்ஷனான ஐபிவி6 ஆன்ல இருக்கான்னும் பாத்துச் சொல்லும். அதுல நடுவுல இருக்க ரவுட்டர் பாக்கெட்ட உடைக்கவே உடைக்காது, “பாக்கெட் டூ பிக்”ங்கிற மெசேஜ் வந்தாத்தான் அனுப்புனவனுக்கே தெரியும். பக்கத்து மெஷினோட ஹார்டுவேர் நம்பரான மேக் அட்ரஸ் கேக்கதும் அதுக்குன்னு உள்ள ஐசிஎம்பிவி6லதான் நடக்கு. அதுக்கு ஃபயர்வால் ரூல் தனிப் பக்கத்துல இருக்கும், அந்தப் பையன் அங்கயும் டிராப் போட்டு வச்சிருக்கானான்னு ஒரு நோட்டம் விடும்.