வேலை சைட்டில் அடிபட்டால் டாக்டரிடம் என்ன சொல்லப்போகிறீர்கள்?

சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த தம்பிகள் பலருக்கு ஒரே சந்தேகம்: "அண்ணா, நான் கவனமில்லாமல் விழுந்தாலும் இழப்பீடு கிடைக்குமா?" கிடைக்கும். 2019-ஆம் ஆண்டு வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் யார் மேல் தப்பு என்று பார்ப்பதில்லை. வேலையால் வந்த காயமா என்றுதான் பார்க்கும். குடித்திருந்தால், சண்டையில் அடிபட்டால் கதை வேறு. கம்பெனி லாரியில் சைட்டுக்குப் போகும்போது நடக்கும் விபத்தும் இதில் அடங்கும்.

சைட் மெயின்கானுடையது (முதன்மை ஒப்பந்தக் கம்பெனி), நீங்கள் சப்கான் (துணை ஒப்பந்தக் கம்பெனி) ஆள். அப்போது யார் பொறுப்பு? வொர்க் பெர்மிட்டில் எந்தக் கம்பெனி பெயர் இருக்கிறதோ, பொதுவாக அதுதான். உடலுழைப்பு வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் முதலாளி காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்ட மெயின்கான் மீதும் அரசு வழக்குப் போடலாம், ஆனால் அந்த அபராதப் பணம் உங்கள் கைக்கு வராது.

"ரூமில் வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, மீதியைக் கம்பெனி பார்த்துக்கும்" என்று சூப்பர்வைசர் சொல்லக்கூடும். தயவுசெய்து இதற்குத் தலையாட்டாதீர்கள். மருத்துவமனையில் முதல் நாள் எழுதுவதைத்தான் பிறகு எல்லோரும் புரட்டிப் பார்ப்பார்கள். எந்த சைட், எத்தனை மணி, எப்படி அடிபட்டது என்று தமிழிலாவது சொல்லி எழுத வையுங்கள். இடத்தைப் போட்டோ எடுங்கள். பக்கத்தில் இருந்தவரின் ஊர் போன் நம்பரையும் வாங்குங்கள், அவர் பெர்மிட் முடிந்து கிளம்பிவிடலாம்.

ஒரு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) கிடைத்தாலும், லைட் டியூட்டி (இலகுவான வேலை) என்றாலும், கம்பெனி மனிதவள அமைச்சிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் நீங்களே தெரிவிக்கலாம். விபத்து நடந்து ஓராண்டுக்குள் இழப்பீட்டுக் கோரிக்கை போட வேண்டும். எம்சி சம்பளம் முதல் 14 நாளுக்கு முழுதாக வரும். வார்டில் சேர்ந்திருந்தால் 60 நாள் வரை. அதன்பின் மூன்றில் இரண்டு பங்கு, ஓராண்டு வரை. ஓவர்டைமும் கணக்கில் சேரும், அதனால் பே ஸ்லிப்பைத் தூக்கிப்போடாதீர்கள்.

இந்தக் கோரிக்கைக்கு வக்கீல் தேவையில்லை. நீதிமன்றத்தில் நஷ்டஈட்டு வழக்குப் போட்டால் கூடுதலாகக் கிடைக்கலாம்தான், ஆனால் எதிராளியின் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும். இரண்டு வழியிலும் வாங்க முடியாது. எதிலும் கையெழுத்துப் போடுமுன் வெளிநாட்டு ஊழியர் நிலையத்திலோ, வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 (TWC2) அமைப்பிலோ கேளுங்கள்.

பெர்மிட்டை ரத்து செய்தாலும் கோரிக்கை செல்லும். அமைச்சு ஸ்பெஷல் பாஸ் (தற்காலிகமாகத் தங்கும் அனுமதி) தந்தால், அதில் தங்கி கோரிக்கையை முடித்துவிட்டே ஊருக்குப் போகலாம்.