பீகில் குட்டியைப் பழக்குவது: சிங்கப்பூரில் உங்கள் அனுபவம் என்ன?

கொண்டோவாசி:

பீகில் நாய்க்குட்டி வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருப்பவர்கள் ஆசையை இத்தோடு விட்டுவிடுங்கள். வீவக அனுமதிக்கும் சின்ன இனங்களின் பட்டியலில் பீகில் கிடையாது. கொண்டோ (தனியார் அடுக்குமாடி), தரைவீடு என்றால் சரி. தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு, கால்நடை மருத்துவப் பிரிவான ஏவிஎஸ்ஸில் உரிமம் எடுக்க வேண்டும், மைக்ரோசிப் போட வேண்டும். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக் கட்டணம் 15 வெள்ளி, செய்யாவிட்டால் 90 வெள்ளி. கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இதுவே பதில்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இது இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காகக் கூட்டமாக ஓடவிட்டு வளர்த்த இனம். ஆள் சொல்லக் காத்திராமல் மோப்பத்தின் பின்னால் போக வேண்டும் என்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். மூக்கு தரையில் பட்டதும் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. அதைத் திமிர் என்று நினைத்து அதட்டினால் தொண்டைத் தண்ணீர்தான் வற்றும். மூக்கோடு சண்டை போடாதீர்கள், அதற்கு வேலை கொடுங்கள் என்பதுதான் என் கட்சி.

நம் ஊர் சுத்தமான ஊர்தான், மனிதன் கண்ணுக்கு! பீகில் மூக்கைக் கேட்டால் வேறு கதை சொல்லும். காப்பிக்கடை ஓரத்தில் கோழி எலும்பு, பஸ் நிறுத்தத்தில் கறிபஃப் துணுக்கு, புறாவுக்கு யாரோ வீசிய ரொட்டி. சீனர்களின் ஏழாம் மாதம் வந்தால் புல்வெளி ஓரமெல்லாம் படையல் சோறு, ஆரஞ்சு, பலகாரம். இன்னொருவர் தன் முன்னோருக்கு வைத்ததில் நம் நாய் வாய் வைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அந்த மாதம் நான் நடக்கும் பாதையையே மாற்றிவிடுவேன்.

அதனால் எங்கள் வீட்டில் 'உட்கார்' சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே 'விடு' சொல்லிக்கொடுத்தோம். செய்முறை இதுதான். ஒரு கையில் சாதாரண கிபிளை (உலர்தீனியை) வைத்து மூடிக்கொள்ளுங்கள். இன்னொரு கையில் அவித்த கோழித் துண்டு, முதுகுக்குப் பின்னால். குட்டி மூடிய கையை நக்கும், காலால் பிறாண்டும், முன்பல்லால் மெல்ல நெருடும். நீங்கள் பேசவே கூடாது. அலுத்துப்போய் ஒரு நொடி மூக்கை விலக்கும் பாருங்கள், அந்த நொடியில் 'சபாஷ்' சொல்லிக் கோழியைக் கொடுங்கள். மூடிய கையில் இருப்பதைக் கடைசிவரை கொடுக்கவே கூடாது. அது பிடிபட்ட பிறகுதான் 'விடு' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். அப்புறம் தரையில் வைத்துக் காலால் மூடுவது, பிறகு வீட்டு வாசல், கடைசியாகத் தெரு. வீட்டில் நன்றாகச் செய்கிற நாய் தெருவில் புதிதாகப் பிறந்ததுபோல நிற்கும். பதறாமல் அங்கே மறுபடி ஆரம்பத்திலிருந்து வாருங்கள்.

எலும்பு ஏற்கெனவே வாய்க்குள் போய்விட்டதா? துரத்தாதீர்கள். துரத்தினால் விழுங்கிவிடும். வேகவைத்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடியது. அதைவிட வாசமான ஏதாவது ஒன்றை மூக்கருகில் நீட்டிப் பண்டமாற்று செய்வதே வழி.

உங்கள் வீட்டில் எப்படி?

பன்னிரண்டாம் மாடி அக்கா:

தம்பி நடைபயிற்சிக்குப் போய்விட்டார், நான் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறேன்! தடுப்பூசி முடியும்வரை குட்டியைப் பொதுப்புல்லில் இறக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மேல்மாடியில் இருக்கிறோம், லிஃப்ட் வருவதற்குள் காரியம் முடிந்துவிடும். பால்கனி ஓரத்தில் நாய் ஒன்றுக்குப் போகும் தட்டு வைத்தோம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் நேரே அங்கே தூக்கிக்கொண்டு போய் நிறுத்துவது, ஆனதும் உடனே தீனி. தப்பான இடத்தில் போனால் திட்டாமல் என்ஸைம் கலந்த திரவத்தால் துடைத்துவிடுவேன். வெறும் தண்ணீரில் துடைத்தால் நமக்குத்தான் வாசம் போகும், அதற்குப் போகாது, மறுபடி அதே இடத்தில் வந்து நிற்கும். மாமியாருக்காகப் பூசையறை வாசலில் குழந்தைத் தடுப்பு போட்டேன். நாய் வேண்டவே வேண்டாம் என்றவர் இப்போது தயிர்சாதத்தில் ஒரு வாய் யாருக்கும் தெரியாமல் ஊட்டுகிறார். அதற்குத் தடுப்பு எந்தக் கடையில் விற்கிறது?

என் தலைவலி ஊளைதான். குரைப்பு இல்லை, கழுத்தை நீட்டி இழுக்கும் ஊளை. நிர்வாகத்திலிருந்து கடிதமே வந்துவிட்டது. சாவியை எடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்வது, கதவைத் திறந்து உடனே மூடுவது, வெளியே போய் அது கத்தத் தொடங்கும் முன்பே திரும்புவது என்று கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டிவருகிறேன். பாதி பரவாயில்லை. இடி இடித்தால் பழைய குருடி கதவைத் திறடி.

பாசிர் ரிஸ் அங்கிள்:

லிஃப்ட்டுக்குள் நாய் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. எங்கள் கொண்டோ புளோக்கில் மலாய்க் குடும்பங்கள் நிறைய. நாயின் எச்சில் பட்டால் அவர்கள் மார்க்க முறைப்படி கழுவ வேண்டும். பீகிலோ கண்டவர் கையை எல்லாம் நக்கும். கதவு திறந்ததும் மூலைக்குப் போய் என் கால்களுக்கு நடுவே உட்காரும்படி முதலிலேயே பழக்கிவிட்டேன். ஆள் இருந்தால் "நீங்கள் போங்கள், நான் அடுத்ததில் வருகிறேன்" என்பேன். இப்போது அக்குடும்பங்களில் ஒரு மக்சிக் (மலாய் ஆன்ட்டி) தூரத்திலிருந்தே நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கை காட்டுகிறார். இதையெல்லாம் பயிற்சி என்று யாரும் எழுதுவதில்லை, ஆனால் அக்கம்பக்கத்தோடு வாழ இதுதான் வேண்டும்.

தீபாவளிப் பலகாரம்:

ஒரு எச்சரிக்கை. உலர்ந்த திராட்சை நாய்க்கு ஆகாது, சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். வெங்காயம், சாக்லெட்டும் நாய்க்கு ஆகாது. போன தீபாவளிக்கு வந்த விருந்தாளி கேசரித் தட்டைத் தரையில் வைத்துவிட்டு செல்ஃபி எடுக்கப் போனார். தட்டு பளபளவென்று இருந்தது. நேரே மருத்துவரிடம் ஓடினோம், வாந்தி எடுக்க வைத்தார்கள், பிழைத்துக்கொண்டது. எவ்வளவு தின்றது என்று கணக்குப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

கொண்டோவாசி:

அக்கா, இடிக்கு மருந்து என்னிடமும் இல்லை, ஆனால் ஊளைக்கு ஒன்று செய்து பாருங்கள். நீங்கள் கிளம்பும் நேரத்துக் கிபிளைத் தட்டில் போடாமல் பழைய துண்டில் தூவிச் சுருட்டி முடிச்சுப் போட்டு வையுங்கள். மூக்கால் துழாவி எடுத்துத் தின்பதற்குள் களைத்துப்போய்ப் படுத்துவிடும். ஓடவிட்டுக் களைக்கவைப்பதைவிட இது எனக்கு நன்றாகப் பலித்தது. தீனியை நாள் அளவிலிருந்தே கழித்துக்கொள்ளுங்கள், இந்த இனம் காற்றைக் குடித்தே பெருத்துவிடும். மாமியாரின் தயிர்சாதத்தையும் கணக்கில் சேருங்கள்.

கயிறில்லாமல் விடுவதைப் பற்றித் தனியாகக் கேட்டவருக்கு: பொது இடத்தில் கயிறு கட்டாயம், அதில் பேச்சே இல்லை. அவிழ்த்துவிட வேலி போட்ட நாய் ஓட்டத் திடல்கள் இருக்கின்றன. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் ஒன்று, வெஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஒன்று. கூப்பிட்டால் வரும் பயிற்சியை அங்கே வைத்துக்கொள்ளலாம், ஆனால் மழை விட்ட கையோடு போகாதீர்கள். ஈர மண்ணில் வாசம் கிளம்பியிருக்கும் நேரத்தில் உங்கள் கோழித் துண்டை அது திரும்பிக்கூடப் பார்க்காது.